எந்த கார் உழைக்கும்?

நண்பர்கள் நாலைந்து பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் காரில்தான் வந்து நிற்கும். ஆளுக்கொரு கம்பெனி வண்டி. ஒருவரிடம் ஜப்பான் தயாரிப்பு, இன்னொருவரிடம் ஜெர்மன், அடுத்தவரிடம் கொரியா. "வாங்கினதிலிருந்து ஆயில் மாத்தினதைத் தவிர இதுமேல ஒரு ஸ்பேனர் பட்டதில்லை" என்று ஒருவர் சொல்வார். "அதே கம்பெனிதான் நானும் வாங்கினேன், வாரண்டி முடிஞ்ச கையோட கியர்பாக்ஸ் போச்சு. இனிமே அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்று பக்கத்திலிருந்தே பதில் வரும்.

இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் புதிதாக கார் வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வெறுங்கையோடுதான் எழுந்து போவார். இந்தப் பேச்சில் பல வருடங்களாக உட்கார்ந்திருந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. நாம் கம்பெனிகளை ஒப்பிடுகிறோம்; பழுதாவதோ ஒரு குறிப்பிட்ட இன்ஜின், ஒரு குறிப்பிட்ட கியர்பாக்ஸ், சில குறிப்பிட்ட வருடங்களின் தயாரிப்பு. பேட்ஜை, அதாவது கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பாதித் தகவலோடு வாங்குகிறார்.

முதலில் 'தொல்லை' என்று யார் எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு போன் ப்ளூடூத்தில் இணையாததே பெரிய தொல்லை. இன்னொருவர் வண்டி நடுவழியில் நின்றால்தான் தொல்லை என்பார். இந்தக் குழப்பம் நம் அரட்டையோடு நிற்பதில்லை, பெரிய அமைப்புகளின் கணக்கெடுப்பிலும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் 3 வயதான கார்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று வெளியிடுகிறது. 2024 அறிக்கையில் சராசரி 190. முதலிடம் பிடித்த, டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸுக்கு 135. அதைப் படித்துவிட்டு 'லெக்ஸஸிலேயே காருக்கு ஒரு குறைக்கு மேல் வருகிறதா' என்று பயப்படத் தேவையில்லை. இந்தக் குறைகளில் மிகப் பெரிய பங்கு திரை, போன் இணைப்பு, குரல் கட்டளை போன்ற சமாச்சாரங்களுக்கு. இன்ஜின் பழுதாகி நின்றதும் ஒரு குறை, போனைத் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ துண்டித்துப் போனதும் ஒரு குறை.

ஜெர்மனியின் ஏடிஏசி வேறு மாதிரி எண்ணுகிறது. அது கார் சொந்தக்காரர்களின் சங்கம்; வழியில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவிக்கு ஆள் அனுப்புகிறது. அப்படிப் போன அழைப்புகள்தான் அதன் கணக்கு. அதில் வருடா வருடம் முதலிடத்தில் நிற்கும் காரணம் 12 வோல்ட் பேட்டரி. அண்மை வருடங்களில் மொத்த அழைப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அதற்காகத்தான். எவ்வளவோ செலவு செய்து உருவாக்கிய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு சாதாரண ஈய பேட்டரி படுக்க வைத்துவிடுகிறது. நான்கு வருடம் தாண்டிய பேட்டரியை வருடம் ஒருமுறை, அது எவ்வளவு சுமை தாங்குகிறது என்று காட்டும் லோடு டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லி எல்லோரையும் நச்சரிக்கிறேன். அந்த ஒரு வேலையே வழியில் நிற்கும் வாய்ப்பைப் பெரிய அளவில் குறைத்துவிடும், எந்த பேட்ஜ் ஆனாலும்.

இந்தக் கணக்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகிப் போகும் என்பதற்கு மின்சாரக் கார்கள் நல்ல உதாரணம். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கார்களைவிட மின்சாரக் கார்களில் 79 சதவீதம் அதிகக் குறைகள் என்று வந்தது. ஏடிஏசி கணக்கிலோ, அதே வயதுள்ள பெட்ரோல், டீசல் கார்களைவிட மின்சாரக் கார்கள் வழியில் நிற்பது குறைவு. இரண்டுமே சரிதான். முன்னது சொந்தக்காரர் சொன்ன எல்லாக் குறைகளையும் எண்ணுகிறது, பின்னது வழியில் நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிட்ட நாட்களை எண்ணுகிறது. சார்ஜிங்கிலும் திரையிலும் மல்லுக்கட்டியபடியே வண்டி ஒரு நாளும் நிற்காமல் ஓடலாம். ஜெர்மனியின் டியூஃப் அமைப்பு வெளியிடும் அறிக்கை இன்னொரு ரகம். அது கட்டாயப் பரிசோதனையில் கண்ட குறைகளைப் பட்டியல் போடுகிறது: விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன் என்று. அதன் 2024 அறிக்கையில் 2, 3 வயதுக் கார்களில் கடைசி இடம் டெஸ்லா மாடல் 3-க்கு. மோட்டாரின் தரத்தைப் பற்றி அந்தப் பட்டியல் பேசுவதே இல்லை.

ஆகவே 'சர்வேயில் முதலிடம்' என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: எதை எண்ணினார்கள்?

பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்ட ஒரு பழைய கதை உண்டு. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து 1984-இல் நம்மி என்ற தொழிற்சாலையைத் தொடங்கின. ஒரே தளத்தில் இரண்டு கார்கள் தயாராகி வெளியே வந்தன. ஒன்றில் டொயோட்டா கொரோலா என்று பெயர் ஒட்டினார்கள், மற்றதில் ஜியோ பிரிசம் என்று. அடித்தளம், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றே. வெளித்தோற்றத்தில் சில மாற்றங்கள், அவ்வளவுதான். ஆனால் பழைய கார் சந்தையில் கொரோலாவுக்குக் கிடைத்த விலை பிரிசத்துக்குக் கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பிரிசத்தைத் தேடிப் போய் வாங்கினார்கள்: கொரோலாவின் உழைப்பு, குறைந்த விலையில். (அந்தத் தொழிற்சாலை 2010-இல் மூடப்பட்டது, இன்று டெஸ்லா கார்கள் தயாராவது அங்கேதான்.) இன்றும் இது நடக்கிறது. டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் ஒரே கார், இன்ஜின் சுபாருவுடையது. பிஎம்டபிள்யூ, ஜாகுவார், ராம் என்று சம்பந்தமே இல்லாத கம்பெனிகளின் வண்டிகளில் ஒரே ஜெர்மன் கம்பெனியான இசட்எஃப் வடிவமைத்த 8 கியர் ஆட்டோமேட்டிக் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்று வண்டிக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்து கியர்பாக்ஸைப் பற்றிச் சண்டை போட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

அந்த இசட்எஃப் கியர்பாக்ஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கார் கம்பெனிகள் பல 'இதில் ஆயில் மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் போதும்' என்கின்றன. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளுக்கு என்று கம்பெனி சொல்வதில்லை. முதல் சொந்தக்காரர் வண்டியை விற்கும் வரை எந்தப் பிரச்சினையும் இராது. பிறகு வாங்குகிறவர்தான் அனுபவிப்பார், அவர்தான் 'இந்தக் கம்பெனி கியர்பாக்ஸ் குப்பை' என்று ஊரெல்லாம் சொல்வார். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. சர்வீஸ் செலவு குறைவு என்று விளம்பரத்தில் காட்டுவதற்காக இன்னொருவர் தலையில் கட்டும் வேலை இது.

ஒரே கம்பெனிக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதைப் பார்க்க இரண்டு கிளட்ச்களை மாற்றி மாற்றிப் பிடித்துத் தானே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸைவிட நல்ல இடம் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் இதற்கு வைத்த பெயர் டிஎஸ்ஜி. அதன் 6 கியர் வகையில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும். சிறிய இன்ஜின்களுக்காக வந்த 7 கியர் வகையில் அவை உலர்ந்தவை. எரிபொருள் மிச்சமாகும், எடை குறையும், திறந்த சாலையில் அருமையாக ஓடும். நெரிசலில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வண்டி ஒரு அடி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி ஒரு அடி. மேனுவல் வண்டியில் இடது காலால் நாம் பிடிக்கும் ஹாஃப் கிளட்சை இங்கே கம்ப்யூட்டர் பிடிக்கிறது, மணிக்கணக்கில். உரசும் தட்டுகளின் சூட்டை எடுத்துப் போக ஆயில் இல்லை. 2013-இல் ஃபோக்ஸ்வாகன் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து இந்த 7 கியர் பெட்டியில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில் சிந்தெடிக் ஆயிலால் கியர்பாக்ஸுக்குள் மின்கோளாறு வரக்கூடும் என்பது காரணம். ஆயில் மாற்றியதோடு மின்கோளாறு தீரலாம். உலர்ந்த கிளட்சை உருட்டி உருட்டித் தேய்ப்பது தீராது.

எங்கள் கூட்டத்திலேயே உலர்ந்த கிளட்ச் வைத்த வண்டிகள் இரண்டு இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒருவர் தினமும் ஊருக்கு வெளியே நீண்ட தூரம் ஓட்டுபவர். அவர் வண்டி இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி கியர் மாறுகிறது. இன்னொருவருக்கு வீட்டிலிருந்து அலுவலகம் வரை முழுக்க சிக்னல். அவர் வண்டி முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுங்கத் தொடங்கி, கடைசியில் கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இருவரும் கம்பெனியைப் பற்றிப் பேசும்போது வேறு வேறு உலகத்தில் வாழ்கிறவர்கள் போலத்தான் இருக்கும். அவர்கள் ஓட்டுகிற சாலைதான் உண்மையில் வேறு.

டீசலிலும் இதே கதை. புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டியை வண்டி அவ்வப்போது தானே சூடாக்கி, சேர்ந்த கரியை எரிக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது கிடைக்கும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் எரிக்கத் தொடங்கும் நேரத்தில் சாவியைத் திருகி அணைத்துவிடுவோம். அப்படியொரு வண்டியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை மேலே நின்றது. ஓட ஓடக் குறைய வேண்டிய ஆயில் கூடியிருந்தது. "முகர்ந்து பாருங்க" என்றார். டீசல் வாடை. கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது. அந்த நீர்த்த ஆயிலில்தான், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழன்றுகொண்டிருந்தது. அந்த வண்டியின் சொந்தக்காரரைக் கேட்டால் கம்பெனி சரியில்லை என்பார். அதே இன்ஜின் நீண்ட தூரம் ஓடும் டாக்சியில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் பார்த்திருக்கும்.

இதனால் கம்பெனிகள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. வடிவமைப்பிலேயே கோட்டைவிட்ட கதைகள் நிறைய. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்தார்கள். தேய்ந்த செயினை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டிய நிலை. பியூஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜினில் அதே வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும். ரப்பர் பெல்ட் ஊறி, உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துக்கொண்டது. ஆயில் வரத்து குறைந்தால் இன்ஜினின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2024-இல் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் இதற்கான வாரண்டியை 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் என நீட்டித்தது. புதிய தலைமுறை இன்ஜினில் பெல்ட் போய் செயின் வந்துவிட்டது. இப்படிப்பட்ட இன்ஜின் உள்ள பழைய வண்டியை எவ்வளவு நன்றாகப் பராமரித்திருந்தாலும், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, எந்தத் தர ஆயில் ஊற்றினார்கள் என்ற சீட்டு இல்லாமல் நான் தொட மாட்டேன்.

நம்பகத்துக்கே பெயர் போன டொயோட்டாவும் இதிலிருந்து தப்பவில்லை. 2000-களின் பிற்பகுதியில் வந்த 2.4 லிட்டர் 2ஏஇசட் இன்ஜின்கள் சில, பிஸ்டன் ரிங் வடிவமைப்பால் ஆயிலைக் குடித்தன. 2024-இல் அதன் டண்ட்ரா பிக்கப், லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகள் 1 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. இரட்டை டர்போ வி6 இன்ஜினுக்குள் தயாரிப்பின்போது கடைந்த உலோகத் துகள்கள் தங்கிவிட்டன என்பதற்காக. டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்கள் இந்த இரண்டு இன்ஜினையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் டொயோட்டாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அவசரப்படாமல் மாறுவதால் என்பது என் கணிப்பு. நேரடி எரிபொருள் பீய்ச்சும் இன்ஜின்களில் உள்வாங்கும் வால்வின் முதுகில் கரி படிவது எல்லாக் கம்பெனிகளுக்கும் தலைவலி. பெட்ரோல் அந்த வால்வைக் கழுவும் வாய்ப்பு அங்கே இல்லை. டொயோட்டா பல இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைத்தது, ஒன்று சிலிண்டருக்குள், ஒன்று வால்வுக்கு முன்னால். செலவு கூடும், ஆனால் கரி சேருவது வெகுவாகக் குறையும். அதன் ஹைப்ரிட் அமைப்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கேட்கும்போது சிக்கலானது போலத் தோன்றும்: ஒரு இன்ஜின், இரண்டு மோட்டார், பெரிய பேட்டரி. உள்ளே இருப்பது, நடுச்சக்கரத்தைச் சுற்றி மற்ற சக்கரங்கள் சுழலும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. வழக்கமான கிளட்ச் இல்லை, தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தேய்கிற சாமான்களே குறைந்துவிட்டன. முன்னே சொன்ன அதே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஆய்வில் சாதாரணக் கார்களைவிட ஹைப்ரிட் கார்களில் 26 சதவீதம் குறைவான குறைகள். வெளியிலிருந்து சார்ஜ் போடும் ப்ளக்-இன் ஹைப்ரிடில் 146 சதவீதம் அதிகம். இரண்டுக்கும் பெயரில் பாதி ஒன்று. உழைப்பில் எவ்வளவு தூரம்!

இன்னொரு விஷயத்திலும் கம்பெனி முக்கியம்: பழுது வந்தபின் அது எப்படி நடந்துகொள்கிறது. ஹூண்டாய் 1998-இல் அமெரிக்காவில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருட வாரண்டி அறிவித்தபோது அதன் கார்களுக்கு அங்கே நல்ல பெயர் இல்லை. அந்த அறிவிப்பே கம்பெனியைத் தரத்தில் கவனம் வைக்கக் கட்டாயப்படுத்தியது, ஏனென்றால் பத்து வருடப் பழுதும் அதன் கையைத்தான் கடிக்கும். பின்னாளில் அதன் தீட்டா 2 இன்ஜின்களில் பேரிங் தேய்ந்து இன்ஜின் இறுகி நின்றது பெரிய விவகாரமாகி, 2019-இல் அங்கே அந்த இன்ஜின்களுக்கு ஆயுட்கால வாரண்டி கொடுக்க வேண்டி வந்தது. பழுதே வராத கம்பெனியைத் தேடினால் கிடைக்காது. பழுதை ஒப்புக்கொள்கிற கம்பெனி, உதிரி பாகம் மாதக்கணக்கில் காக்க வைக்காத கம்பெனி கிடைக்கும். என் கூட்டத்தில் ஒருவர் சாதாரண சென்சார் ஒன்றுக்காக வாரக்கணக்கில் கார் இல்லாமல் அலைந்தார். பழுது சின்னது, காத்திருப்பு பெரியது. அவர் அந்தக் கம்பெனியை மன்னிக்கவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

சரி, இப்போது அண்ணன் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறார். வழக்கம்போல "இந்தக் கம்பெனி நல்லதாடா?" என்றுதான் ஆரம்பித்தார். எந்த இன்ஜின், எந்த வருடம், கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள், முந்தைய சொந்தக்காரர் எங்கே ஓட்டினார் என்று நான் கேட்க, போய் எல்லாவற்றையும் விசாரித்து வந்திருக்கிறார். இன்ஜின் நல்ல பெயரெடுத்த வகை, ஆனால் முதல் இரண்டு வருடத் தயாரிப்பில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனம். இது மூன்றாம் வருட வண்டி. சர்வீஸ் சீட்டு முழுக்க இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் ஆயில் மாற்ற ரொம்பத் தாமதமாகியிருக்கிறது. செயினுக்குப் பிடிக்காத விஷயம் அது.

"அண்ணே, காலையிலேயே போய்ப் பாருங்க. நாம வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லுங்க. முதல்ல பானெட்ல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா சத்தம் வெளியே தெரியாது, 'இன்னொரு நாள் வர்றோம்'னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க. சில்லுன்னு இருந்தா பானெட்டைத் திறந்து வெச்சுட்டு அவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முதல் ரெண்டு மூணு விநாடி செயின் தளர்ந்திருந்தா வர்ற கடகட சத்தம் கேக்குதான்னு மட்டும் பாருங்க" என்றேன். சனிக்கிழமை போகிறார். நானும் கூடப் போகிறேன்.